காணி பார்க்க வந்த அண்ணாவும் வாசிக்கப்படாத உறுதிகளும்

கடந்த தை மாதம் பெரியம்மாவின் மூத்த மகன் கனடாவிலிருந்து வந்தார். 1987இல் பதினெட்டு வயதில் போனவருக்கு இப்போது ஐம்பத்தேழு. ரொறன்ரோவில் பனி கொட்டும் காலத்தில் எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழ் பெனியனோடு இருந்துகொண்டு, "பிள்ளை, இனி என்னாலை பனி வழிக்கேலாது. இங்கை ஒரு காணி வாங்கி, சின்னதாய் ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கப் போறன்" என்றார்.

பத்திரிகை வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். காணி விடுவிப்பு, காணி அபகரிப்பு, காணிப் போராட்டம் என்று எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு காணியை வாங்கப் போகிறவரோடு நின்று அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஐந்து வாரம் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அண்ணாவோடு அலைந்தேன். அவரைப் போல ஆசையோடு வருகிறவர்களுக்கும், அவர்களுக்காக இங்கே காணி தேடித் திரிகிற உறவினர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த அலைச்சலில் அறிந்தவற்றை எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. உங்கள் உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டியே முடிவெடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டு

அண்ணா வந்த இரண்டாம் நாளே தரகர் ஒருவர் வட்ஸ்அப்பில் பதினெட்டுக் காணிகளின் படங்களை அனுப்பிவிட்டார். விலை, கிணறு, தென்னைகளின் எண்ணிக்கை, பிரதான வீதிக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாம் இருந்தன. வாங்குகிறவர் எந்த நாட்டுப் பிரசை என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டத்தின்படி, வெளிநாட்டவர் ஒருவருக்கு இலங்கையில் காணியின் உரித்தை எழுதிக் கொடுக்க முடியாது. அப்படி எழுதினால் அந்த உறுதி செல்லாது. 2014இல் வந்தாலும் இச்சட்டம் 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது. வேறொரு நாட்டின் குடியுரிமையை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறாத ஒருவர், எந்த ஊரில் பிறந்தவரானாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்.

"அப்ப நான் பிறந்த ஊரிலை நான் வெளிநாட்டுக்காரனோ?"

"சட்டத்தின்ரை கணக்கிலை அப்பிடித்தான் அண்ணா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டத்தில் சில விலக்குகள் உள்ளன. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடிக் கட்டடத்தில் உள்ள வீட்டை வெளிநாட்டவரும் வாங்கலாம். ஆனால் முழுத் தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி ஊடாக முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்கியவர்கள் பலர் இந்த வழியால் வந்தவர்கள். குத்தகைக்கு எடுப்பதானால் ஆகக்கூடியது 99 வருடம். நெருங்கிய உறவினரின் காணி வாரிசுரிமையாக வந்து சேர்ந்தால் அதை வைத்திருக்கலாம். இந்தக் கடைசி விலக்கு அண்ணாவுக்கு எவ்வளவு முக்கியமானது என்று அன்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இரட்டைக் குடியுரிமைக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்கள் என்பதும் விண்ணப்பிக்கக்கூடிய பிரிவுகளில் ஒன்று. விண்ணப்பம் முடியக் காலம் எடுக்கும். ஆகவே இரண்டு மாத விடுமுறையில் வந்து, கண்டு, பிடித்து, எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்ற திட்டத்தோடு வராதீர்கள். முதல் பயணம் பார்ப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதிக் காணி: எழுதியிருப்பதும் எழுதாததும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் உறுதிக் காணி. அளவு பரப்பில் சொல்லப்படும். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

நல்லூருக்குக் கிட்ட மூன்று பரப்புக் காணி ஒன்று அண்ணாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நல்ல தண்ணீர்க் கிணறு, இரண்டு பலா. விற்கிறவர் காட்டியது பளபளப்பான ஒரு நிறப்பிரதி உறுதி. நாங்கள் பார்த்த நொத்தாரிசு அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. பதிவகத்திலை தேடிப் பாத்திட்டு வாங்கோ" என்றார்.

இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருகிற விதி இது. எழுதப்பட்ட உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் பதிவகத்தில் பிரதி எடுக்க முடிவது இதனால்தான். அந்தக் காணிக்குரிய பதிவுப் பக்கத்தைத் தேடினால் யார் யாருக்கு எழுதினார், ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பவை தெரியவரும். குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். எங்கள் மண்ணில் அந்த முப்பது வருடத்துக்குள் இடப்பெயர்வுகளும் அடங்கும் என்பதால், அதற்கும் முன்னால் போவது நல்லது.

நல்லூர்க் காணியில் ஈடு இல்லை. ஆனால் அது பிரிக்கப்படாத பங்கு. மூன்று சகோதரர்களுக்குப் பொதுவான ஒன்பது பரப்பில் ஒருவருடைய மூன்றில் ஒன்றையே அவர் விற்க வந்திருந்தார். வேலி போட்டிருந்தது உண்மை, சட்டப்படி பிரிக்கவில்லை.

இங்கேதான் தேசவழமை வருகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழக்காற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் காணி வாங்குபவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, முதலில் வாங்கும் உரிமை. பங்காளிகளுக்கும், விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் அந்தக் காணியை வெளியாரை விட முன்னதாக வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பின்னர் அவர்கள் நீதிமன்றம் போகலாம். நோர்வேயில் இருக்கிற தம்பி, "எனக்குச் சொல்லாமல் வித்துப்போட்டார்" என்று வருவது கதையல்ல, வழக்கு.

இரண்டு, திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த காணிக்கும் அப்படித்தான். கணவன் பிரிந்து போயிருந்தால், வெளிநாட்டில் இருந்தால், காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், அவள் தன் காணியை விற்க நீதிமன்றத்தின் அனுமதியைத் தேட வேண்டும். என் பெயரிலும் சீதனக் காணி ஒன்று இருக்கிறது. இந்த விதியைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் இருந்து அவர் வாயால் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது.

சொந்த ஊர்: வேலி இல்லாத காணி

வலிகாமம் வடக்கில் பெரியம்மாவின் வீடு இருந்தது. 1990 ஜூனில் ஊரோடு எழும்பினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது உயர் பாதுகாப்பு வலயம். 2013இல் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன, விடுவிக்கப்படாதவையும் இருக்கின்றன. பெரியம்மாவின் காணி விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் வந்தது. வீடு இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் இருக்கிறது. எல்லையைக் காட்டிய பூவரசுகளும் இல்லை.

"இதைக் கேக்க ஒருத்தரும் இல்லாமல் எல்லோ கிடக்குது" என்றார் அண்ணா.

அப்படிக் கிடக்கும் காணிகளுக்கு இரண்டு ஆபத்து. முதலாவது, ஆட்சியுரிமை. ஒருவர் இன்னொருவருடைய காணியை உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டால், அது தன்னுடையது என்று நீதிமன்றத்தில் கோர முடியும். 1871ஆம் ஆண்டின் சட்டம் அது. போரினால் வர முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. ஆனால் 2009க்குப் பிறகும் பத்து வருடம் கடந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள், தங்கள் காணியில் யார் இருக்கிறார், எந்த உடன்படிக்கையில் இருக்கிறார் என்பதையும் ஒரு தரம் விசாரியுங்கள். இருப்பவரோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்யுங்கள்.

இரண்டாவது ஆபத்து, உரிமை கோராத காணி அரச காணியாவது. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் எத்தனை குடும்பங்கள் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து உறுதி தேடின என்பதை அயலில் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் தேடினோம்.

அனுமதிப் பத்திரக் காணி

யாழ்ப்பாணத்து விலையைக் கேட்டுக் களைத்துப்போன அண்ணாவை, தரகர் பரந்தனுக்குக் கிழக்கே கூட்டிக்கொண்டு போனார். ஓர் ஏக்கர் மேட்டுக் காணி. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக்குச் சொன்ன விலையை விடக் குறைவு.

வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. முதலில் அனுமதிப் பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னர் அளிப்புப் பத்திரம். அனுமதிப் பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரக் காணியைக் கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் அது வெள்ளைத் தாள்தான். தரகர் இதைத்தான் "இங்கை எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்று சொன்னார்.

காணியில் இருந்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். அனுமதிப் பத்திரம் கணவரின் பெயரில். 2009இல் வட்டுவாகலில் கணவரைக் கடைசியாகக் கண்டிருக்கிறார். மகளின் படிப்புக்காக விற்க நினைத்திருக்கிறார்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளராக வர விண்ணப்பிக்கலாம். எடுக்கவில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அறிமுகம் செய்தது. அது சில நிர்வாகத் தேவைகளுக்கு உதவும். காணியின் உரித்தை மாற்றித் தராது. தெளிவுபடுத்துவதற்காக இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிட்டார்.

"எல்லாம் தெரியும் பிள்ளை. பிரதேச செயலகத்திலையும் சொன்னவை. செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைச்சால்தான் காணி என்ரை. வைக்காட்டில் அவற்றை. அவற்றையாவே இருக்கட்டும் எண்டு இவ்வளவு நாளும் விட்டிட்டன்."

வெள்ளைத் தாளில் எழுதித் தர அவர் தயாராக இருந்தார். அந்தத் தாளில் கணவர் செத்துவிட்டார் என்று எழுத வேண்டியதில்லை.

வாகனத்தில் திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டும் வரை அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கடை வளவும் இப்பிடித்தானே கிடக்குது" என்றார்.

பெரியம்மாவுக்கு நான்கு ஆண் பிள்ளைகள். மூன்றாமவர் பற்றி 2009 ஏப்ரலுக்குப் பிறகு தகவல் இல்லை. பெரியம்மா கடைசிவரை எந்தச் சான்றிதழும் எடுக்க விடவில்லை. ரொறன்ரோவில் அவர் காலமான பிறகு அந்த விடயத்தை ஒருவரும் தொடவில்லை. வலிகாமம் வடக்குக் காணி இன்னும் பெரியம்மாவின் பெயரில்தான் இருக்கிறது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே பிள்ளைகள்தான் வாரிசுகள். காணி வாங்க வந்த அண்ணாவுக்கு, கனடாக் கடவுச்சீட்டோடும் வைத்திருக்கக்கூடிய ஒரு பங்கு ஏற்கெனவே இருந்தது. அதை அவர் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் தம்பியைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

தண்ணீர், காற்று, வெள்ளம்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் அல்லது ஆடி, ஆவணியில் வருகிறார்கள். இரண்டும் காணி அழகாகத் தெரியும் காலங்கள். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே காணியைப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தில் எந்தெந்த ஒழுங்கைகள் மூழ்கின என்பதை அயலவரிடம் கேளுங்கள். அவர்கள் கையால் காட்டுவார்கள், "இந்த மட்டுக்கு" என்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். கடற்கரையோரத்திலும் தீவகத்திலும் பல கிணறுகள் உவர். தோட்டப் பகுதிகளில் உர நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகவே தண்ணீரை நாக்கில் பார்ப்பதோடு விடாமல், போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முன்னரங்கப் பகுதிகளாக இருந்த இடங்களில், முகமாலை போன்றவற்றில், கண்ணிவெடி அகற்றல் போர் முடிந்த பின்னரும் பல வருடம் நடந்தது. அங்கே காணி பார்ப்பதானால் அது துப்புரவு செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள்.

"உன்ரை பேரிலை எழுதுவம்"

நான்காவது வாரம் அண்ணா கேட்டார். நல்லூர்க் காணியின் மற்றப் பங்காளிகளும் சம்மதித்துவிட்டார்கள், காசும் தயார். "உன்ரை பேரிலை எழுதுவம் பிள்ளை. பிறகு குடியுரிமை கிடைச்சவுடனை மாத்துவம். எனக்கு உன்னிலை நம்பிக்கை இருக்கு."

இப்படி எழுதப்பட்ட காணிகள் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கின்றன. இந்தக் காணிகளால் கதை பேசாமல் போன சகோதரர்களும் இருக்கிறார்கள். எனக்கும் நம்பிக்கைக் குறைவு இல்லை. ஆனால் உறுதியில் இருப்பது என் பெயர். நான் இறந்தால் அந்தக் காணி என் கணவருக்கும் என் பிள்ளைகளுக்கும் போகும், அண்ணாவுக்கு அல்ல. திருமணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து தேசவழமையில் தேடிய தேட்டம். பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, பாதி வாரிசுகளுக்கு. திரும்ப எழுதும்போது என் கணவரும் கையெழுத்து வைக்க வேண்டும். முத்திரைத் தீர்வையும் இரண்டாம் தடவை கட்ட வேண்டும்: முதல் 100,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4. வெளிநாட்டவருக்காக என் பெயரில் வைத்திருக்கிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்லவும் முடியாது, அதைத்தானே 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மறுத்தேன். அண்ணாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பெரியம்மாவின் உறுதி இலக்கத்தை எழுதி வைத்திருந்த பழைய கொப்பியோடு வந்து நின்றார்.

வாங்குவதற்கு முன்

ஐந்து வாரத்தில் நாங்கள் கற்றது சுருக்கமாக:

உங்கள் குடியுரிமை நிலையை முதலில் சரிசெய்யுங்கள். காணி உறுதிக் காணியா, அனுமதிப் பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று கேளுங்கள். பதிவகத்தில் தேடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். நில அளவையாளரைக் கொண்டு அளந்து, வரைபடத்தை உறுதியோடு ஒப்பிடுங்கள். பங்காளிகளையும் விற்பவரின் துணையையும் நேரில் காணுங்கள். அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர் விற்க வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அது செல்லாது. கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் அந்த வளவில் யார் இருந்தார்கள், எப்போது எழும்பினார்கள், திரும்பி வராதவர் யார் என்று கேளுங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர்.

கடைசியாக, வெளியில் காணி தேடும் முன்னர் உங்கள் அம்மா, அப்பாவின் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அண்ணா ஒன்றும் வாங்காமல் போனார். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பெரியம்மாவின் காணியை அளந்து, நான்கு மூலைக்கும் கல் போட்டு, முட்கம்பி அடித்தாயிற்று. கிணறு இறைத்தபோது தண்ணீர் நல்லதாகவே வந்தது. நான்கு பங்கில் ஒரு பங்கை எப்படி எழுதுவது என்பதற்கு நொத்தாரிசிடமும் உடனடிப் பதில் இல்லை. மற்ற இரண்டு சகோதரர்களோடு ஞாயிறு தோறும் தொலைபேசியில் கதைக்கிறார்கள். மூன்றாமவருக்கு எந்தச் சான்றிதழை எடுப்பது, எடுப்பதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரியம்மா போன பிறகு முதல் தடவையாக அவருடைய பெயரைச் சொல்லிக் கதைக்கிறார்கள்.